பள்ளி வேன் வராத காலை

ஜூன் பிறந்தால் என் மேஜையில் கோப்புகள் சேர ஆரம்பித்துவிடும். சிறப்புப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பராமரிப்பு உதவித்தொகை, அடையாள அட்டை என்று ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி வருவார்கள். வரும்போது பள்ளிக் கோப்பையும் கொண்டுவரச் சொல்வேன். சென்ற ஆண்டு ஓர் அம்மா கொண்டுவந்த கோப்பில் ஐந்து ஆண்டுகளின் இலக்குத் தாள்கள் இருந்தன. முதல் ஆண்டு: மணி கோர்ப்பான், கண்ணைப் பார்த்துப் பேசுவான், ஒன்று முதல் பத்து வரை சொல்வான். ஐந்தாம் ஆண்டும் அதே மூன்றுதான். நடுவில் ஒரு தாளில் வேறு யாரோ ஒரு பையனின் பெயரை அடித்துவிட்டு, மேலே இவன் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தார்கள். ஐந்து தாளிலும் கீழே அந்த அம்மாவின் கையெழுத்து.

“படிச்சுப் பாத்தீங்களாம்மா?”

“மீட்டிங்ல நீட்டுனாங்க சார், போட்டுட்டேன்.”

பையனுக்குப் பதினேழு முடியப்போகிறது. ஐந்து ஆண்டில் அவன் கோர்த்த மணிகளை ஒரே சரமாக்கினால் தெருக்கோடி வரை போகும். ஆனால் குளித்து முடித்துத் துடைத்துக்கொள்ள அம்மா வேண்டும். பள்ளி முடிந்ததும் என்ன செய்வான் என்று கேட்டேன். “வீட்லதான் இருப்பான்” என்றார்.

இந்தப் பதிலை நான் கேட்காத மாதம் இல்லை. ஆகவே எந்தப் பெற்றோர் வந்தாலும், பிள்ளைக்கு ஆறு வயதானாலும் பதினாறு ஆனாலும், ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: பள்ளி வேன் இனி வராது என்றான பிறகு, ஒரு சாதாரணத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் பிள்ளை எங்கே இருப்பான், யாரோடு இருப்பான், என்ன செய்துகொண்டிருப்பான்? நீண்டகால இலக்கு என்பது இந்தக் கேள்விக்கான பதில். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரவேண்டும். நம் பள்ளிகளில் பலவும் போன ஆண்டுத் தாளிலிருந்து முன்னோக்கி நகலெடுக்கின்றன.

கருவிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் உருவான ‘எம்டிபிஎஸ்’ என்ற மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறையில் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 திறன்கள் உண்டு. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் ‘எஃப்ஏசிபி’ என்ற சரிபார்ப்புப் பட்டியலைத் தந்திருக்கிறது. சிறப்பாசிரியர் பயிற்சி முடித்த எவருக்கும் இவை தெரியும். பிள்ளையை மதிப்பிட்டு, ஓராண்டுக்கான நீண்டகால இலக்கை எழுதி, அதை மும்மாதக் குறுகியகால இலக்குகளாக உடைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி மதிப்பிடுவது என்பதுதான் முறை. ‘ஐஇபி’ என்று ஆசிரியர்கள் சொல்லும் தனிநபர் கல்வித் திட்டம் இதுவே. அதைச் செய்யாமல் ஆண்டுவிழா நடனத்துக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒத்திகை நடத்துகிறார்கள். பெற்றோரும் மேடையில் பிள்ளையைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, அவனுக்குச் சட்டைப் பித்தானைக் கழற்றிவிடுகிறார்கள்.

இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். “தன் வேலைகளைத் தானே செய்வான்” என்பது இலக்கு அல்ல, ஆசை. “கவனம் மேம்படும்” என்பது அதுகூட இல்லை. அந்தப் பதினேழு வயதுப் பையனுக்கு நாங்கள் உட்கார்ந்து எழுதியது இது: “மார்ச் மாத முடிவுக்குள், வீட்டுக் குளியலறையில், யாரும் சொல்லாமலும் தொடாமலும், வாரத்தில் ஐந்து நாளாவது தானே குளித்து, துடைத்து, உடை மாற்றி வெளியே வருவான்.” யார், எந்த வேலை, எந்த இடத்தில், எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை, எந்தத் தேதிக்குள் என்ற ஆறும் இதில் இருக்கின்றன. ஆறில் ஒன்று குறைந்தாலும் ஆண்டு முடிவில் “முன்னேற்றம் தெரிகிறது” என்று எழுதி மூடிவிடுவார்கள். நீங்களும் மறுக்க முடியாது, ஏனென்றால் அளக்க எதுவும் இருக்காது.

பிறகு அதை உடைக்க வேண்டும். குளிப்பது ஒரு வேலை இல்லை, பதினைந்து இருபது வேலைகள். வாளியில் தண்ணீர் பிடிப்பது, குழாயை மூடுவது, சட்டை கழற்றுவது, முதல் குவளை ஊற்றுவது, சோப்பைக் கையில் தேய்ப்பது, முதுகு, கால் இடுக்கு, நுரை போகும்வரை ஊற்றுவது என்று நீளும். இவனுக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்கினோம். மற்ற எல்லாவற்றையும் அம்மா செய்துவிட, ஈரத் துண்டைக் கொடியில் காயப்போடுவது மட்டும் அவன் வேலை. அது வந்ததும் துடைத்துக்கொள்வதும் காயப்போடுவதும். இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் என்ற பெயர் அவனுக்கே கிடைக்கும். ‘நான் முடிச்சிட்டேன்’ என்று துண்டைக் காட்டிச் சிரிக்கிற முகம் வேறு எந்தப் பரிசையும்விட வேகமாகக் கற்றுக்கொடுக்கும். உதவியும் படிப்படியாகக் குறைய வேண்டும். முதலில் கையைப் பிடித்துச் செய்வது, பிறகு வாயால் சொல்வது, பிறகு சும்மா விரலைக் காட்டுவது, பிறகு கதவுக்கு வெளியே நிற்பது. தினம் எந்த உதவியில் செய்தான் என்பதைத் தாளில் குறித்தால் மூன்று மாதத்தில் கதை தானாகத் தெரியும். குறிக்காவிட்டால் எல்லாம் ஞாபகத்தில் நடக்கும். ஞாபகம் எப்போதும் ஆசிரியர் பக்கமே சாயும்.

பணம் எண்ணுவதும் அப்படித்தான். அட்டையில் வரைந்த ரூபாய் நோட்டை வைத்து எட்டு ஆண்டு சொல்லிக்கொடுத்த ஒரு பெண் பிள்ளையைத் தெரியும். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு பிஸ்கட் வாங்க அவளுக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்டோம், உனக்கு என்ன செய்ய ஆசை என்று. தனியாகக் கடைக்குப் போகணும் என்றாள். பதினான்கு வயதில் முதல் முறையாக அவளிடம் யாரோ அதைக் கேட்டிருக்கிறார்கள். அதுவே அந்த ஆண்டின் இலக்கானது. உண்மையான பத்து ரூபாய், உண்மையான கடை, உண்மையான அவசரம். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் தகராறு செய்ததும் பாடத்தில் சேர்ந்தது.

பெற்றோர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. பிள்ளை பள்ளியில் தன் கையால் சாப்பிடுகிறான், வீட்டில் பாட்டி ஊட்டுகிறார். கழிப்பறைக்குப் போகத் தெரியாத பிள்ளைக்கு ‘ஏ பி சி டி எழுதக் கத்துக்குடுங்க’ என்று கேட்டு, எழுதவில்லை என்றால் பள்ளியை மாற்றுகிறீர்கள். எழுதப் படிக்க முடிகிற பிள்ளைக்கு வழி தாராளமாக உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம், பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம். ஆனால் பக்கத்து வீட்டாரிடம் காட்டுவதற்காக மட்டும் எழுத வைக்காதீர்கள்.

இன்னொன்றைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. எட்டு வயதில் வருகிறவர் போகிறவரையெல்லாம் கட்டிப்பிடித்தால் செல்லம் என்கிறோம். பதினெட்டில் அதே காரியத்துக்குப் போலீஸ் வரும். கதவைத் தாழிட்டு உடை மாற்றுவது, வணக்கம் சொல்லி நிறுத்திக்கொள்வது, யார் எங்கே தொடலாம், வேண்டாம் என்றால் எப்படிக் கத்துவது, பெண் பிள்ளை என்றால் பூப்பெய்துவதற்கு முன்பே நாப்கின் மாற்றப் பழகுவது எல்லாம் நீண்டகால இலக்குத் தாளில் இருக்க வேண்டியவை. எட்டு வயதில் எழுத வேண்டும். பதினாறில் எழுதினால் தாமதம்.

இனி சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ‘நீண்டகால இலக்கு’ என்ற சொல்லைத் தேடாதீர்கள். ஆனால் அதன் 16ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களில் பிள்ளைக்கு ஏற்ற தனிப்பட்ட உதவி கிடைக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் முன்னேற்றத்தையும் படிப்பை முடிப்பதையும் கண்காணிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இலக்கே எழுதாமல் எதைக் கண்காணிப்பது? உங்கள் மனுவில் எழுத வேண்டிய வாக்கியம் இதுதான். 31ஆவது பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. பதினெட்டோடு அந்த உரிமை நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

பள்ளியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஜூன் மாதமே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: என் பிள்ளையின் மதிப்பீட்டுத் தாள், ஆண்டு இலக்கு, மும்மாத இலக்கு ஆகியவற்றின் நகல் வேண்டும், இலக்கு எழுதும் நாளில் நானும் இருக்க வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப்போய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். வாயால் கேட்டது கேட்டதாகாது. நீட்டிய தாளில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளை தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நகல் வாங்குங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், ‘ஒப்புக்கொள்ளவில்லை, காரணம் இது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நகல் வாங்குங்கள்.

ஆசிரியரிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் சிறப்பாசிரியராகப் பணியாற்றுவது தண்டனைக்குரிய குற்றம். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். பதிவு உள்ளவர் எண்ணைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். (நல்ல சிறப்பாசிரியர்கள் ஏராளம் இருக்கிறார்கள். தொகுப்பூதியத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சமாளித்துக்கொண்டு, இரவில் கோப்பு எழுதுகிறவர்கள். உங்கள் கடிதம் அவர்களுக்கும் நிர்வாகத்திடம் பேச ஒரு பிடி.) பள்ளிக்கும் பதிவு வேண்டும். அதே 2016 சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தக் கூடாது. சேர்க்கும்போதே கேட்டுப் பாருங்கள்.

பள்ளி அசையவில்லை என்றால் அடுத்த இடம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் அது எண்ணோடு அவருக்குப் போகும். நேராக அவரிடம் மட்டும் கொடுத்தால், “விசாரிக்கிறோம், போங்க” என்பதோடு நின்றுவிடும் மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண் இல்லாத மனு மனுவே இல்லை. பள்ளி அரசு நிதி பெறுவதாக இருந்தால், அந்தப் பள்ளியில் கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, ஆய்வறிக்கை என்ன என்று நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே ஆய்வுக்கு ஜீப் கிளம்பியதை ஒருமுறை பார்த்தேன்.

அதற்கும் மேலே, சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். உரிமை மறுக்கப்பட்டால் விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள சில அதிகாரங்கள் உண்டு. வழக்கறிஞர் தேவையில்லை. வெள்ளைத் தாளில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, முத்திரை வாங்கிய கடிதங்களின் நகல்களை இணைத்து விரைவுத் தபாலில் அனுப்பலாம். அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இணைக்க நகல் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது எல்லோரும் கோட்டைவிடும் விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டாவது பிறந்தநாள். அன்றைக்குக் கேக் வெட்டுகிறோம். அன்றோடு, சட்டத்தின் பார்வையில், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் காப்பாளர் இல்லை. பெற்றவளின் கையெழுத்து மகனின் கையெழுத்தாகாது. வங்கி மேலாளர் இதைச் சொல்லும்போதுதான் பலருக்கும் தெரிகிறது, அதுவும் அப்பா இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்கப் போன அன்றைக்கு.

ஆகவே பதினேழாவது வயதின் இலக்குத் தாளில் பள்ளி எழுத மறந்ததை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவது அடையாளச் சான்றும் ‘யூடிஐடி’ என்ற தனித்துவ அடையாள அட்டையும். அறிவுசார் குறைபாட்டுச் சான்று சின்ன வயதில் வாங்கியது என்றால் தற்காலிகமாக இருக்கும். 18 வயதில் மறுமதிப்பீடு செய்துதான் நிரந்தரமாக்குவார்கள். அட்டையை இப்போதே எடுத்துச் ‘செல்லுபடியாகும் தேதி’ என்ன என்று பாருங்கள். தேதி முடிந்த அட்டையால் உதவித்தொகை நின்றுபோய், ஏன் வரவில்லை என்று ஆறு மாதம் வங்கிக்கு அலைந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் என்பது பல வீடுகளில் மாத்திரைச் செலவு.

இரண்டாவது, சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு இதை வழங்குகிறது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம், இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். படிவம் ‘ஏ’-யை நிரப்பி, குறைபாட்டுச் சான்று, வயதுச் சான்று, பிள்ளை, காப்பாளர் இருவரின் ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவற்றோடு நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உடன்பிறந்தவர்களின் ஒப்புதல் கடிதத்தையும் பெரும்பாலும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். குழுவில் ஆட்சியர் தவிர, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். குழு கூடுவதற்குத்தான் நாள் கிடைப்பதில்லை. சில மாவட்டங்களில் மாதக்கணக்கில் கூடாது. ஆட்சியருக்கு ஆயிரம் வேலை இருக்கலாம், ஆனால் இந்த வீடுகளுக்கு இது ஒரே வேலை. கேட்டுக்கொண்டே இருங்கள், ஒப்புகைச் சீட்டோடு.

சான்று கையில் வந்ததோடு முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, வரவு, கடன் விவரத்தைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் காட்ட வேண்டும். இதைச் செய்கிற காப்பாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், கேட்கிற அலுவலகங்களையும்தான். நாளைக்குச் சொத்துத் தகராறு வரும்போது இந்தத் தாள்கள்தான் உங்களைக் காப்பாற்றும். இன்னொன்று, எல்லாப் பிள்ளைக்கும் முழுக் காப்பாளர் தேவை என்று எண்ண வேண்டாம். தன் பெயரில் கணக்கு வைத்துக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடிகிற பிள்ளையின் உரிமையை, வசதிக்காக நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். 2016 சட்டம், பிள்ளையோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையைப் பேசுகிறது.

‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு அதே தேசிய அறக்கட்டளையுடையது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, சேர மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அப்பா அல்லது அம்மா அரசு ஊழியர் என்றால், பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் ஓய்வூதியப் பதிவில் சேர்த்துவிடுங்கள். இறந்த பிறகு சேர்க்க அலைகிற அலைச்சல் எதிரிக்கும் வேண்டாம். வாக்காளர் அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் ஒழிய அவர் பெயரை மறுக்க முடியாது. “இவங்களுக்கு எதுக்குங்க ஓட்டு?” என்று கேட்ட ஓர் அலுவலரிடம், ஒரு பையன் தன் பெயரை மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பெயர் சொல்வது அவனுடைய அந்த ஆண்டு இலக்கு.

பிள்ளைக்கு இப்போது பத்து வயது என்றால் உங்களுக்கு எட்டு ஆண்டு இருக்கிறது, அதாவது முப்பத்திரண்டு மும்மாதங்கள். பதினாறு என்றால் எட்டு மட்டும். அந்த எட்டையும் மணி கோர்க்கக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு அருகில் என்ன வேலை இருக்கிறது, யார் கடை, எந்தத் தொழிற்பயிற்சி மையம் என்று நடந்து பார்த்து, அங்கே என்ன திறன் கேட்கிறார்களோ அதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சி என்று எல்லாப் பள்ளியிலும் மெழுகுவர்த்தியும் காகித உறையும் செய்கிறார்கள். உங்கள் தெருவில் மெழுகுவர்த்தி வாங்க யார் இருக்கிறார்?

அந்த அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சலவைக் கடை இருக்கிறது. மகன் இப்போது தானே துடைத்துக்கொள்கிறான், துண்டை மடித்தும் வைக்கிறான். கடைக்காரர், காலையில் இரண்டு மணி நேரம் வந்து துணி மடிக்கட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார். காப்பாளர் சான்றுக்கு டிசம்பரில் மனு கொடுத்தாயிற்று. அடுத்த குழு எப்போது என்று கேட்டால், “தேதி போட்டதும் சொல்றோம்மா” என்கிறார்கள். ஒப்புகைச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறோம்.